கடை மூடியாச்சு... கல்லும் கிரைண்டரும் எங்கே போகும்? தூத்துக்குடியில் ஒரு 'செகண்ட் ஹேண்ட்' கணக்கு!

தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிடம் திகைத்துப்போவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பெஞ்ச், வாழை இலை, சால்னா வாளி, பொரித்த பரோட்டா. ராத்திரியில் நடக்கும் பரோட்டா கடைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கொத்து பரோட்டா சத்தம் கேட்காத தெரு அந்த ஊரில் குறைவு.

அப்படி ஒரு தெருவில் திடீரென ஒரு நாள் சத்தம் நின்றுபோகும். ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்று ஒரு அட்டை தொங்கும். சாப்பிட வந்தவர்கள் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஷட்டருக்கு உள்ளே ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பு அப்படியே நிற்கும். பரோட்டா கல், மூன்று பர்னர் அடுப்பு, மாவு பிசையும் மெஷின், கிரைண்டர், டீப் ஃப்ரீஸர், ஸ்டீல் டேபிள், அண்டா, வாளி, கல்லாப்பெட்டி. வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. விற்கும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கேள்விதான் வரும்: "மொத்தமா என்ன வெல போட்டிருக்கீய அண்ணாச்சி?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாதவர்தான் அதிகம் இழக்கிறார்.

'காயலான்' வந்த ஊர்

பழைய சாமான் வியாபாரத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் உள்ள தொடர்பு பெயரிலேயே இருக்கிறது. சென்னையில் பழைய இரும்பு, பாத்திரம் வாங்கி விற்கும் கடையைக் 'காயலான் கடை' என்பார்கள். பேச்சில் அது 'காயிலாங்கடை' ஆகிவிட்டது. உடைந்துபோன பைக்கைப் பார்த்து "இதைக் காயிலாங்கடையில போடு" என்று சொல்பவர்களில் பலருக்கு, அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் காயல்பட்டினத்தின் பெயர் என்பது தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் பழைய இரும்பு வியாபாரத்தில் முன்னால் நின்றதால் கடைக்கே அவர்கள் பெயர் வந்துவிட்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வேண்டாம் என்று ஒருவர் ஒதுக்கியதில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண், ஒரு ஊரின் பெயராகவே மாறியிருக்கிறது. கேலியாகச் சொல்லவேண்டிய சொல் இல்லை அது.

அதே காயல்பட்டினத்தில் கல்யாண விருந்துக்குப் பெரிய பெரிய செம்புப் பாத்திரங்களில் களறி சாப்பாடு ஆக்குவார்கள். செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் புளி சேர்த்த குழம்பு அதில் கிடக்கக் கூடாது, விஷமாகிவிடும். பூச்சு போன பாத்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஈயம் பூசி, மறுபடி முழு விலைக்கு விற்பது பழைய பாத்திர வியாபாரத்தின் பாலபாடம். விற்பவர் அந்தப் பூச்சைத் தானே போட்டுவிட்டு விற்றால் அந்த லாபம் அவருக்கு. அவசரத்தில் யாரும் அதைச் செய்வதில்லை.

பழகின கல்லுக்குத் தனி விலை

ஒரு பரோட்டா கடையின் சாமான்களில் வயதாக ஆக மதிப்பு கூடுவது ஒன்றே ஒன்றுதான். அது கல்.

பெயர்தான் கல்; உண்மையில் கனமான இரும்புத் தகடு. 3 அடிக்கு 2 அடி, 16 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் எடை சுமார் 70 கிலோ வரும். பழைய இரும்பு விலைக்குப் போட்டால் 70 கிலோ இரும்பின் காசுதான். ஆனால் பத்து வருடம் தினமும் எண்ணெய் குடித்த கல்லின் மேல் கறுப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிப்போன படலம் அது. பரோட்டா அதில் ஒட்டாது, சூடு எல்லா மூலையிலும் ஒரே சீராகப் பரவும். புதுக் கல்லை அந்தப் பக்குவத்துக்குக் கொண்டுவர மாஸ்டருக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், கருகிப்போகும் மாவுக்கும் கணக்கு வைக்க வேண்டும்.

"கல்லு எத்தன வருஷம் அண்ணாச்சி?"

"பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள் தண்ணி ஊத்தி அணைச்சதில்ல."

இந்த இரண்டாவது வரிதான் விலை. கொதிக்கும் கல்லில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் தகடு நெளியும், வெடிக்கவும் செய்யும். நெளிந்த கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும். அதனால் அனுபவமுள்ள மாஸ்டர் கல் வாங்க வந்தால் முதலில் விலை பேச மாட்டார். கல்லின் மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டு அது எங்கே போய்த் தேங்குகிறது என்று குனிந்து பார்ப்பார். எண்ணெய் அசையாமல் நின்றால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

கிரைண்டரும் ஓரளவு இப்படித்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கல் நல்ல கல்லாக இருந்தால் மோட்டார் போனாலும் கிரைண்டர் சாகாது. கல்லைக் கொத்தி, மோட்டாரைக் கட்டி, பெல்ட்டை மாற்றினால் இன்னொரு இட்லிக்கடைக்கு அது புதுசு. பித்தளை டீ பாய்லருக்கும் பயம் இல்லை. ஓடாவிட்டால்கூட உலோக விலை இருக்கிறது.

மக்ரூன் கடைக்காரர்களின் நிலைமை வேறு. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கும் மெஷின் உடனே விலைபோகும், அதைத் தேடி பேக்கரிக்காரர்கள் வருவார்கள். ஆனால் செங்கல் வைத்துக் கட்டிய பழைய விறகு அடுப்பு இருந்தால் அது கட்டடத்தோடு கட்டடமாக நின்றுவிடும். பெயர்த்து எடுத்தால் அது அடுப்பில்லை, வெறும் செங்கல். மக்ரூனுக்கு அந்த மணத்தைக் கொடுத்த பொருளுக்குத்தான் விற்பனைப் பட்டியலில் விலையே கிடையாது.

உங்கள் கடையில் இருந்தாலும் உங்களுடையது அல்ல

கடையை மூடுகிறவர்கள் பட்டியல் போடும்போது முதலில் செய்யும் தவறு, கடைக்குள் இருப்பதை எல்லாம் எழுதுவது.

நீல நிறத்தில் நிற்கும் 19 கிலோ வணிக சிலிண்டர் கடைக்காரருக்குச் சொந்தமில்லை. அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. கடைக்காரர் கட்டியது டெபாசிட் மட்டும். இணைப்பு எடுத்தபோது கொடுத்த வவுச்சரையும் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் கைக்கு வரும். "அடுப்போட சிலிண்டரும் சேர்த்துத் தாரேன்" என்று விற்றுவிட்டால், நாளைக்கு அந்தக் கடையில் ஒரு விபத்து நடந்தாலும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடுவார்கள்.

கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்பானப் பெயர் எழுதி, வாசலில் நிற்கும் ஃப்ரிட்ஜும் அப்படித்தான். பெரும்பாலும் அது நிறுவனம் ஒப்பந்தத்தில் வைத்துவிட்டுப் போனது. ஐஸ்கிரீம் பெட்டியும் அதே வகை. இதை விற்றுக் காசாக்கி, பிறகு நிறுவனத்தின் ஆள் வந்து நிற்கும்போது விழிப்பதைவிட, முதலிலேயே போன் செய்து எடுத்துப்போகச் சொல்வது நல்லது. டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது பேங்க். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் கடன் வாங்கித்தான் இன்றைக்குப் பல சின்ன ஓட்டல்கள் நடக்கின்றன. அந்தக் கடனில் வாங்கிய மெஷின் பேங்கிடம் ஈடாக இருக்கும். மெஷின் கடையில் ஓடலாம்; கடன் தீரும்வரை பேங்கைக் கேட்காமல் விற்கக் கூடாது. விற்ற பணத்தை நேராகக் கடனில் கட்டுவதாகச் சொல்லி மேனேஜரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது ஒரு வாரம் இழுக்கும் வேலைதான். ஆனால் வாங்க வருபவரும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பேங்கின் உரிமை உள்ள பொருளைத் தெரியாமல் வாங்கியவரின் பணமும் சிக்கலில் மாட்டும்.

கட்டட உரிமையாளர் கதை தனி. சுவரில் பதித்த சிம்னி, எக்ஸாஸ்ட் குழாய், தரையோடு சேர்த்துக் கட்டிய சிங்க் ஆகியவற்றைக் கழற்றினால் சுவர் உடையும். சுவர் உடைந்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். கழற்றி விற்றுக் கிடைப்பதைவிட அட்வான்ஸில் போவது அதிகமாகிவிடுவது உண்டு. அடுத்து அதே இடத்தில் ஓட்டல் வைக்க யாராவது வந்தால், சுவரில் இருப்பதை இருந்த இடத்திலேயே அவருக்கு விற்பதுதான் லாபம். அதற்காக ஒரு மாதம் வாடகை கொடுத்துக் காத்திருப்பதா, இன்றைக்கே கழற்றுவதா என்பதை ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இங்கே கோபத்துக்கு வேலை இல்லை.

உப்புக் காற்றுக்கு ஒரு கழிவு

கோவில்பட்டியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் வியாபாரி, தூத்துக்குடி ஃப்ரீஸர் என்றதும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஃப்ரீஸரின் பின்னால், சூட்டை வெளியேற்றும் இடத்தில் அலுமினியத் தகடுகள் வரிவரியாக இருக்கும். உப்புக் காற்றில் அவை மாவுபோல் உதிரும். செம்புக் குழாய் ஒட்டு போட்ட இடத்தில் அரிக்கும். ஊசி முனை அளவு ஓட்டை போதும், கேஸ் மெல்லக் கசிந்துவிடும். உள்ளூரில் மூன்று வருடம் ஓடிய மெஷினும், உள்நாட்டில் மூன்று வருடம் ஓடிய மெஷினும் ஒரே வயதல்ல.

ஸ்டீல் டேபிளில் இன்னொரு குழப்பம். காந்தம் ஒட்டாவிட்டால் அது உயர்ந்த ரகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். உயர்ந்த 304 ரகத்தில் ஒட்டாது. ஆனால் மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது! ஆக, காந்தத்தை வைத்து 202-ஐ 304 என்று தாராளமாக ஏமாற்றலாம். கடற்கரையில் இதற்கு ஒரு இலவச பரிசோதனை இருக்கிறது. டேபிளின் அடியில், வெல்டிங் வைத்த மூலைகளைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் போதும். இரண்டு மூன்று வருடம் இந்த ஊர்க் காற்றைத் தின்ற 202 அங்கே செம்பட்டைப் புள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 304-கூட உப்பில் முழுசாகத் தப்பிக்காது, ஆனால் அவ்வளவு சீக்கிரம் சரணடையாது.

வாங்கிய பில்லை பத்திரமாக வைத்திருப்பவர் இந்த இடத்தில் ஜெயிக்கிறார். எந்த வருடம், என்ன ரகம் என்று தாளில் இருந்தால் வாய்ச்சண்டை இல்லை.

வெள்ளத்தைக் குடித்த மெஷின்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் பெய்யவேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடி நகரத் தெருக்களில் பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. ஓட்டல்காரர்களுக்கு அதில் இரட்டை அடி. ஃப்ரீஸரில் இருந்த சரக்கும் போனது, ஃப்ரீஸரும் போனது.

தண்ணீரில் நின்ற கல்லையும் அண்டாவையும் துலக்கினால் சரியாகிவிடும். மோட்டாரைக் கழற்றிக் காயவைத்துக் காயில் கட்டினால் கிரைண்டர் ஓடும். ஃப்ரீஸர்தான் பிரச்னை. அதன் சுவருக்குள் இருக்கும் நுரை, தண்ணீரைக் குடித்துவிட்டால் லேசில் காயாது. வெளியே பெயின்ட் அடித்து, புது ரப்பர் போட்டு நிறுத்தினால் போட்டோவில் பளபளக்கும். ஆனால் குளிரைப் பிடித்து வைக்காது. கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரன்ட் பில் ஏறும். மீனும் கறியும் வைக்கும் கடையில் அது பண நஷ்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல.

வெள்ளம் பார்த்த மெஷினைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அடித்தகட்டின் ஸ்குரூ தலைகள் எல்லாம் ஒரே மாதிரித் துருப்பிடித்திருக்கும். கதவு ரப்பரின் மடிப்பில் வண்டல் கோடு இருக்கும். மூடி வைத்துத் திறந்தால் ஈர மண் வாசம் அடிக்கும். கையை வைத்து "சில்லுனு இருக்கே" என்று திருப்திப்படுவதில் பயனில்லை. காலியாக இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து மைனஸ் 18 டிகிரி வருகிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. வந்த பிறகு கம்ப்ரஸர் நின்று ஓய்வெடுக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். வாங்கிப் போகும்போது லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனால், இறக்கி நிமிர்த்தி சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பி இறங்கவேண்டும். நல்ல மெஷினை வாங்கிய அன்றைக்கே கொன்றுவிட்டு, விற்றவரைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. வெள்ளத்தில் நின்ற மெஷின் என்றால் அதைச் சொல்லியே விற்கலாம். விலை குறையும்தான். ஆனால் இது ஊர் முழுக்க ஒருவரை ஒருவர் தெரிந்த வியாபாரம். இன்றைக்கு ஃப்ரீஸர் விற்பவர் நாளைக்கு வேறொரு கடை போட்டுப் பழைய சாமான் தேடி வரலாம், அதே ஆட்களிடம்.

மூடிய சிப்பியை ஏலம் எடுப்பது

முத்துக்குளித்துறை என்று பெயரெடுத்த இந்தக் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நடந்த காலத்தில் அதன் ஏலம் விநோதமானது. கரைக்கு வந்த சிப்பிகளில் அரசின் பங்கைக் குவித்து, திறக்காமலேயே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது எடுத்தவர் தலையெழுத்து.

இன்றைக்கு 'மொத்த லாட்' என்று ஓட்டல் சாமானை விலை பேசுவதும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே எது முத்து என்று வாங்க வருபவருக்கு நன்றாகத் தெரியும், விற்பவருக்குத்தான் தெரியாது. வியாபாரி உள்ளே நுழைந்ததும் கண்ணால் கல்லையும், பாய்லரையும், மாவு மெஷினையும் எடை போட்டுவிடுவார். வாயால் பேசுவது உடைந்த நாற்காலியைப் பற்றி. "இத எடுத்துட்டுப் போக வண்டி வாடககூடத் தேறாது" என்பார். நாற்காலியின் குறையைச் சொல்லிச் சொல்லி, கல்லின் விலை இறங்கியிருக்கும்.

அதனால் மொத்தமாக விற்பதே தப்பு என்றில்லை. அடுத்த மாத வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே நாளில் கடை காலியாவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் லாட் பேசுவதற்கு முன்பு நல்ல நாலைந்து பொருட்களுக்கு மட்டும் தனித்தனியாக இரண்டு இடத்தில் விலை விசாரித்து வைத்துக்கொண்டால் போதும். அந்த நாலைந்தின் கூட்டுத்தொகைக்குக் கீழே லாட் விலை இறங்கினால் எழுந்துவிடலாம்.

புத்தகக் கணக்கை வைத்து விலை சொல்வதும் உதவாது. வருமான வரிக் கணக்கில் மெஷினுக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம். ஒரு லட்சத்துக்கு வாங்கியது ஐந்து வருட முடிவில் 44,370 ரூபாய் என்று ஏட்டில் நிற்கும். சந்தைக்கு அந்த ஏட்டைப் படிக்கத் தெரியாது. நல்ல கல் அதைவிட அதிகம் போகும், ஃப்ரீஸர் பாதிக்கும் போகாது.

ஜி.எஸ்.டி-யில் ஒரு சலுகை இருப்பது பலருக்குத் தெரியவில்லை. பழைய பொருளை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர், வாங்கியபோது உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்காமல் இருந்தால், விற்கும் முழு விலைக்கும் வரி கட்ட வேண்டியதில்லை. லாபத்துக்கு மட்டும் கட்டலாம். 20,000 ரூபாய்க்கு வாங்கிய கிரைண்டரை லேசாகச் சரிசெய்து 26,000-க்கு விற்றால் வரி 6,000 ரூபாய்க்குத்தான். "முழுசுக்கும் வரி கட்டணும் அண்ணாச்சி, அதான் குறைச்சுக் கேக்கேன்" என்று ஒரு வியாபாரி சொன்னால், இந்தக் கணக்கை மெதுவாக நினைவுபடுத்தலாம்.

கப்பல் அடுப்பு ஏன் வேண்டாம்?

துறைமுக ஊர் என்பதால் கப்பல் சாமான் மீது ஒரு மோகம் உண்டு. கப்பலின் சமையலறைச் சாமான்கள் உண்மையிலேயே விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சந்தை இருப்பது குஜராத்தின் ஆலங்கில். 1983 முதல் அங்கே கடற்கரையில் கப்பல்களை ஏற்றி உடைக்கிறார்கள். உடைபடும் கப்பலின் கட்டில், பீங்கான் தட்டு, சமையலறை அடுப்பு, மாவு மெஷின் எல்லாம் சாலையோரக் கடைகளில் வரிசையாக நிற்கும். கனமான ஸ்டீல், வெளிநாட்டுத் தயாரிப்பு, பார்த்தால் ஆசை வரும்.

வாங்கும் முன் ஒரு சிறிய தகட்டைப் படிக்க வேண்டும். கப்பல்களில் பெரும்பாலும் மின்சாரம் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் மூன்று பேஸ் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 60-க்குச் செய்த மோட்டார் 50-ல் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 சுற்று சுற்றவேண்டியது 1,500-தான் சுற்றும், சூடும் ஏறும். தீப்பிடிக்கும் ஆபத்தைத் தவிர்க்கக் கப்பல் அடுப்புகள் பெரும்பாலும் கேஸில் அல்லாமல் மின்சாரத்தில் எரிபவை. நம் ஊர்க் கரன்ட் பில்லில் அதை வைத்துப் பரோட்டா போட்டால் சால்னாவுக்கும் காசு வாங்க வேண்டியிருக்கும். டேபிள், சிங்க், ரேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சுற்றுவதும் சுடுவதும் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிப் போக வேண்டும்.

'ராணுவத்தில் இருக்கிறேன் சார்...'

இப்போதெல்லாம் பாதி விற்பனை போனிலேயே நடக்கிறது. நாலு போட்டோ எடுத்து விளம்பரம் போட்டால் அரை மணி நேரத்தில் அழைப்பு வரும். அதில் ஒரு அழைப்பு வித்தியாசமாக இருக்கும். பேரம் பேச மாட்டார். பொருளை வந்து பார்க்கவும் மாட்டார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், சீருடை போட்ட அடையாள அட்டையை அனுப்புவார், "கேன்டீனுக்கு வேணும், பணத்தை இப்பவே அனுப்புறேன், இந்தக் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்.

ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்தினால் பணம் வராது, போகும். யு.பி.ஐ-யில் பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. நாடு முழுக்கப் பல வருடங்களாக நடக்கும் மோசடி இது. இன்னமும் ஆட்கள் விழுவதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. கடை மூடி, கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், பேரம் பேசாமல் முழு விலை தருகிறேன் என்று ஒரு குரல் கேட்டால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். விழுந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அந்தப் பணம் வேறு கணக்குக்குப் போகாமல் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இனி விலையே போகாத மிச்சம். ரப்பர் கேஸ் குழாயை யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வெட்டித் தூக்கிப்போட வேண்டியது. எலெக்ட்ரானிக் தராசு விற்றால் வாங்குபவர் எடையளவுத் துறையின் முத்திரையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். செத்துப்போன ஃப்ரிட்ஜ் சட்டப்படி மின்னணுக் கழிவு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போகவேண்டியது. தெருவோரத்தில் கம்ப்ரஸரை உடைத்துச் செம்பை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை ஓடையில் தள்ளுவதைப் பார்க்காதவர்கள் இல்லை. அந்த ஓடைகள்தான் 2023-ல் தண்ணீர் வடியாமல் நின்றவை.

எல்லாம் போன பிறகு கடைசியாகக் கிளம்புவது கல். நாலு பேர் வேண்டும். சாக்குப் போட்டு, கயிறு கட்டி, "பாத்து... பாத்து... முனை இடிச்சிராத" என்ற சத்தத்தோடு லோடு ஆட்டோவில் ஏறும். ஏரலுக்கோ திருச்செந்தூருக்கோ போய் இன்னொரு அடுப்பின் மேல் உட்காரும். போன வழியில் பட்ட ஈரத்துக்குக் கொஞ்சம் துருவும் பிடித்திருக்கும். புது மாஸ்டர் கல்லுப்பு போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் சுற்றிச் சுற்றித் துடைத்துச் சூடேற்றுவார். முதல் ஈடு எப்படியும் ஒட்டும். அது கடைப் பையன்களுக்கு. இரண்டாவது ஈட்டிலிருந்து வியாபாரம்.